மழையில் கிளம்பாத வண்டி

"மழை பேஞ்சா பேஜாரு தம்பி, ஸ்டார்ட்டே ஆவாது. செயினும் தேஞ்சுபோச்சு. இதுக்குப் போயி முப்பதாயிரமா?" பைக்கைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார் தேவநாதன்.

"அப்படிச் சொல்லாதீங்கண்ணா. நல்ல வண்டி" என்றான் விழுப்புரத்து ரஞ்சித்.

"புகை வேற கக்குது. பதினஞ்சே ஜாஸ்தி!"

வாசலில் நின்ற அம்சா பல்லைக் கடித்தாள். கணவரின் பழைய பைக்கை முப்பதாயிரம் விலை சொல்லி விற்றே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவள் அவள்தான். விற்க மனசில்லாத தேவநாதன், வாங்க வந்த ஆறு பேரை இப்படியே பேசி விரட்டிவிட்டார். ரஞ்சித் ஏழாவது.

அவன் தேவநாதனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"திண்டிவனம் பூரா வண்டி பார்த்துக்கினு வர்றேண்ணா. சொந்த வண்டியோட கொறைய இப்படி யாருமே சொல்லல. உங்கள நம்பி வாங்கலாம். இந்தாங்க, முழுசா முப்பது!"

சாவியோடு ஓடி வந்தாள் அம்சா.