புருவத்தின் மேல் ஒரு பள்ளம்

இருங்காட்டுக்கோட்டை வாடகை அறையின் நிலையில் வேப்பிலைக் கொத்து ஆடுகிறது. உள்ளே அம்மைக் கொப்புளங்களோடு பாயில் சுருண்டு கிடக்கிறான் இசக்கியப்பன். அறைத்தோழன் சண்முகசுந்தரம் இளநீரை வாசலில் வைத்து, கால் நுனியால் உள்ளே தள்ளுகிறான். “ஒருக்கா வந்தவனுக்கு லேசுல திரும்ப வராதாம்லே. உனக்குச் சின்னதுல வந்திருந்தா கூட இரேன். எந்திரிச்சுத் தண்ணி குடிக்க முடியல” என்று முனகுகிறான் இசக்கியப்பன். லேசில் வராதென்றால், வரவே வராது என்றில்லையே என்று நினைத்துக்கொண்டே, “எனக்கு வந்ததே இல்லண்ணே” என்கிறான் சண்முகசுந்தரம். தெருவில் திரும்பும் ஷிப்ட் பஸ்ஸின் கண்ணாடியில் பட்ட மாலை வெயில் அவன் முகத்தில் விழுகிறது. இடது புருவத்தின் மேல், சிறுவயது அம்மை விட்டுப்போன பள்ளம் பளிச்சென்று தெரிகிறது. இசக்கியப்பன் அதையே பார்க்கிறான். பிறகு, “அப்போ தள்ளி நில்லு மக்கா, ஒட்டிக்கிடும்” என்று போர்வையை இழுத்துக்கொள்கிறான். சண்முகசுந்தரத்தின் கை தானாகப் புருவத்துக்குப் போய், அங்கேயே நிற்கிறது.