வெட்டிய மூச்சுகள்

நான்கு பெண்கள் பாடும் குழுவில் ராப் பகுதி ரெஜினியுடையது. அவள் மூச்சு வாங்கும் இடங்களையெல்லாம் பதிவில் வெட்டி, சொற்களை நெருக்கி ஒட்டிவிடுவார்கள். மேடையிலும் அதே வேகத்தில் பாட வேண்டும் என்பது கம்பெனியின் உத்தரவு. இன்றைய ஒத்திகையில் பாதியிலேயே மயங்கி விழுந்தாள். எழுந்ததும் நேராகச் சவுண்ட் இன்ஜினியரிடம் ஓடினாள்.

“இன்னாசி அண்ணா, ஒரே ஒரு மூச்சுக்காவது இடம் விடுங்கண்ணா. செத்துருவேன் போலிருக்கு.”

“கம்பெனி ஒத்துக்காதும்மா. மூச்சுச் சத்தம் கேட்டா அசிங்கமா இருக்காம்.” அவர் தயங்கினார். “ஆனா வெட்டினது எதையும் நான் தூக்கிப் போடல.”

ஏழு வருடத்து மூச்சுகளை வரிசையாக ஓடவிட்டார். முதல் பாட்டின் மூச்சுகள் சின்னதாக, சிரிப்பை அடக்கியது போல இருந்தன. போகப் போக, அந்த மூச்சுகளுக்குள் யாரோ துரத்த ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். பிறகு அவளால் ஓடவும் முடியவில்லை.

மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “யாரு இங்க அழறது?”

இன்னாசி சட்டென்று ஒலியை நிறுத்தினார்.

“யாரும் இல்ல சார், இதோ வரேன்” என்று ரெஜினி எழுந்து, நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்தாள்.

பழக்க தோஷத்தில் இன்னாசியின் விரல் வெட்டும் பொத்தானுக்குப் போனது.