அமீர் சொல்லாத சலாம்

"நம்ம மெஸ்ஸுல சமைச்ச உபைதுல்லா பாய்க்கு, மையத்து ஒடம்பு ஊர்ல இருந்தாலும், இங்க சவூதில, தம்மாம்லயே காயிப் ஜனாஸா தொழுகை நடத்துனோம்" என்று போனில் விம்மினான் அமான்.

ராயபுரத்தில் பாய் வீட்டுப் போனை எடுத்தவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"அமீர் வந்தானா? ரெண்டு வருசமா பாய்க்கு சலாமே சொல்லலியே?"

"மொத வரிசையில அவந்தான். தேம்பித் தேம்பி அழுதான். பாய் வச்ச சால்னா மாதிரி இனிமே வராதுன்னான்."

"தண்ணியா கீதுன்னு சட்டியத் தள்ளி வுட்டவனாச்சே!"

"அது உங்களுக்கு எப்டித் தெரியும்?"

அதற்குள் அடுப்படியிலிருந்து மனைவி தாஹிரா கத்தினாள்.

"ஏங்க, துண்ட எடுத்துட்டுப் பேசுங்க! ஆஸ்பத்திரில சேத்தத மவுத்துன்னு எவனோ குரூப்புல போட்டுட்டான்னு சொல்லித் தொலைங்க!"

உபைதுல்லா துண்டை எடுத்தார்.

"அமான், அமீருகிட்ட போன குடு. மொதல்ல அவன் சலாம் சொல்லட்டும். மையத்து பதில் சொல்லும்."