உளுந்தங்களி

“தலையக் குனிஞ்சு போ ஆத்தா, ஓலை மொகத்துல குத்திரும்” என்றார் சுரேஷ்கண்ணன்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பை இன்று ஓட்டவில்லை. அக்கா மகள் வயதுக்கு வந்த சேதி கேட்டு, தென்னை ஓலை வெட்டிவந்து, கொல்லையில் தன் கையாலேயே குடிசை கட்டியிருந்தார். தாய்மாமன் கட்டிய குடிசையில்தான் பெண் உட்கார வேண்டும்.

திரிஷா முதுகை வளைத்து உள்ளே போனாள். பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்கு அந்தக் குடிசை சின்னதாக இருந்தது.

“என்ன தம்பி, கால் நீட்ட எடம் இல்லையே” என்றாள் அவள் அம்மா முத்துலட்சுமி.

“நாலு வருசத்துக்கு முன்னாடியே மனசுக்குள்ள அளவெடுத்து வச்சிருந்தேன்க்கா. பிள்ள வளந்துருச்சு, அளவு வளரல.”

முத்துலட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து திரிஷா வெகுநாளாகப் பார்த்ததில்லை. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், “மூத்தவ இன்னுமா ஒக்காரல?” என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அதற்குப் பயந்தே அம்மா வெளியே போவதை விட்டிருந்தாள்.

போன மாதம்தான் யாருக்கும் சொல்லாமல் தேனியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். “ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம். என்னன்னு தெரிஞ்சாத்தான் மருந்து குடுக்க முடியும், தள்ளிப்போடாதீங்க” என்று அவர் சொல்லியிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

அதற்குள் நேற்றுக் காலை, பிள்ளைகள் படுத்திருந்த விரிப்பை மடிக்கப்போன முத்துலட்சுமி கறையைப் பார்த்துவிட்டாள். விரிப்பைக் கீழே போட்டுவிட்டு, தலைவாரிக்கொண்டிருந்த திரிஷாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். திரிஷாவும் அழுதாள்.

தங்கை சுருளீஸ்வரி கொல்லைக்கு ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். கருப்பட்டி போட்ட உளுந்தங்களி, நல்லெண்ணெய், ஒரு பச்சை முட்டை.

“அக்காவத் தொடாதடி, தீட்டு. வச்சுட்டுத் தள்ளி நில்லு” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

திரிஷா ஓலைச் சந்து வழியாகத் தட்டை வெளியே தள்ளினாள். “நீ தின்னு.”

“முட்டையுமாக்கா?”

“அதையுந்தான். மூக்கப் பிடிச்சுக்கிட்டு ஒரே முழுங்கு.”

மத்தியானம் சுருளீஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள்.

“தின்னிப் பண்டாரம், அக்காளுக்கு வச்சத நீ முழுங்குனா வலிக்காம என்னடி செய்யும்?” என்றாள் முத்துலட்சுமி.

“நான் ஒண்ணும் கேக்கல. அவதான் குடுத்தா” என்று கத்திவிட்டு அவள் கொல்லைக்கு ஓடினாள்.

“ஏழாப்புப் படிக்கிறதுக்கு வாயப் பாரு” என்று அம்மாவின் குரல் பின்னாலேயே வந்தது.

மேகமலைப் பக்கமிருந்து மேகம் இறங்கி வாழைத்தோப்பு மங்கிக்கொண்டிருந்தது. ஓலைச் சுவருக்கு அந்தப் பக்கம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள் சுருளீஸ்வரி. இந்தப் பக்கம் திரிஷாவின் முதுகு இருந்தது.

“எதுக்குன்னே தெரியாம அழுகை வருதுக்கா.”

“அது ஹார்மோன். ரத்தத்துல கலந்து ஒடம்பு பூராப் போகும். கோவம் வரும், அழுகை வரும். யாரையாச்சும் பாத்தா பேசணும்போல இருக்கும். கிட்டப் போனா ஓடிரணும்போல இருக்கும்.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்” என்றவள், “முன்னப் பின்ன ஆகும்” என்று சேர்த்துக்கொண்டாள்.

“வலி எத்தன நாளைக்கு இருக்கும்?”

“ரெண்டு நாளு. கூடிப்போனா மூணு.”

“எப்புடித் தெரியும்?”

“எட்டாப்பு புஸ்தகத்துல போட்டிருக்கு. டீச்சர் நடத்தல, வீட்டுல படிச்சுக்கங்கன்னுட்டாக.”

திரிஷா அப்போதே படித்தாள். அந்தத் தாள் கிழிந்து தனியே வரும்வரை படித்தாள். போய்ச் சேரப்போகும் ஊரின் பெயரைப் பேருந்துக்குள் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் பார்ப்பவளைப்போல, ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் முத்துலட்சுமி மறுபடியும் களி கொண்டுவந்தாள். சூடு கையைச் சுட, முந்தானையால் தட்டைப் பிடித்திருந்தாள்.

“அம்மா” என்றாள் திரிஷா. “வெள்ளிக்கிழமை தேனிக்கு…”

“அந்த ஸ்கேனா? வேணாம்னு மாமாவ விட்டு போன் போடச் சொல்லிட்டேன். இனி எதுக்கு ஆத்தா?”

“இல்லம்மா, எதுக்கும் ஒருதடவ பாத்துட்டா…”

“எதப் பாக்கணும்? நாலு வருசமாத் தலகுனிஞ்சே நடந்தவ நான். எப்பப் பாத்தாலும் கேட்டுக் குத்துற மொக்கம்மா வீட்டு வாசல்ல இன்னைக்கு நின்னு, ‘எம்மக ஒக்காந்துட்டா’ன்னு சத்தமாச் சொல்லிட்டு வந்தேன். சாமி கண்ணத் தொறந்துருச்சு. நீ என்னமோ ஸ்கேனு கீனுங்குற.”

அவள் கண் கலங்கியிருந்தது. முகம் மட்டும் சிரித்தபடி இருந்தது. திரிஷா தட்டை உள்ளே வாங்கி வைத்தாள்.

“சரிம்மா” என்றாள்.

அம்மாவின் செருப்புச் சத்தம் வீட்டுக்குள் போய் மறைந்தது. தட்டு மறுபடியும் ஓலைச் சந்து வழியாக வெளியே, சுருளீஸ்வரியிடம் வந்தது.

“எனக்குப் போதும்க்கா. நீ ஒரு வாய்கூடத் திங்கல.”

ஓலைக்குள்ளிருந்து திரிஷாவின் குரல் மெதுவாகக் கேட்டது.

“பூராத்தையும் தின்னுடி. வயசுக்கு வந்தவ நீதான.”