வாஷிங் மெஷின் மேல் ஒரு குடித்தனம்

கண்ணைப் பார்க்கக் கூடாது. பார்த்தால்தான் அதற்குக் கோபம் வருகிறது. கொடியைப் பார், துணியைப் பார், எதிர் மாடியைப் பார். உன்னிடம் வரவில்லை தாயே, துண்டு காயப்போட வந்திருக்கிறேன்.

வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முறத்தை முகத்துக்கு நேரே பிடித்தபடி, அவள் பால்கனிக்குள் பக்கவாட்டில் நுழைந்தாள்.

வாஷிங் மெஷின் மூடியில் உட்கார்ந்திருந்த புறா கழுத்தை உப்பியது. உள்ளுக்குள் உறுமியது.

அவளும் மெல்ல ஏதோ ஒரு பாட்டை முனகினாள். ஆள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் அதற்குப் படபடப்பு குறைகிறது. பதினைந்து நாளில் படித்த பாடம்.

ஒரு துண்டு. இன்னொரு துண்டு.

மூன்றாவதை உதறிவிட்டாள். பழக்கதோஷம்.

பட்டென்று முறத்தில் ஓர் அறை. இறக்கையால்தான். முந்நூறு கிராம் உடம்புக்கு அவ்வளவு வீச்சு எங்கிருந்து வருகிறதோ.

"அடிச்சிருச்சா?" சமையலறை ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அவள் கணவர் குணசீலன் கிசுகிசுத்தார்.

"மொறத்துலதான்."

"மொறம் பொழச்சுது. எங்கண்ணாடிதான் போய்ச் சேந்துருச்சு."

பதினைந்து நாள் முன்பு, குடும்பத்தோடு தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நான்கு நாள் கழித்து வந்தபோது, மூடியின் மேல் ஏழு குச்சி, ஒரு ஒயர் துண்டு, இரண்டு முட்டை. ஒட்டடைக்கம்போடு விரட்டப் போன குணசீலனின் மூக்குக்கண்ணாடி மூன்று மாடி இறங்கிக் கார் ஷெட்டில் விழுந்தது. மகள் இனிதா கம்பைப் பிடுங்கிக்கொண்டாள். தீர்த்துச் சொன்னது இனிதாவின் அம்மா அவள்தான்: பொரித்துப் பறந்து போகட்டும், அதுவரை மெஷின் ஓட வேண்டாம்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மூன்று பேர் துணி.

முதல் நாள் அத்தனையும் அவளே துவைத்தாள். இரண்டாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் இனிதா செல்போனைப் பார்த்து உரக்கப் படித்தாள். "அப்பா, கேட்டுக்கங்க. பகல்ல பாதி நேரத்துக்கு மேல அப்பா புறாதான் அடைகாக்குமாம்."

குணசீலன் பேப்பரை இறக்கவில்லை.

மறுநாள் காலை குளியலறைக் கதவுக்கடியில் சோப்பு நுரை வழிந்து கூடம் வரை வந்தது.

அன்றிலிருந்து துவைப்பது அவர், பிழிவது மகள். பால்கனிக்குள் போக இருவருக்கும் துணிச்சல் இல்லை. காயப்போடுவது மட்டும் அவள்.

தன் சட்டைக் காலர் எவ்வளவு அழுக்காகும் என்பதைக் கல்யாணமான இருபத்திரண்டாம் வருடத்தில் குணசீலன் கண்டார். நாளுக்கு இரண்டு சட்டை மாற்றுகிறவர், சாயங்காலம் அக்குளை மோந்து பார்த்து, "நாளைக்கும் தாங்கும்" என்று ஆணியில் மாட்டினார். அதைப் பார்த்த அன்று அவள் முகத்தை அரிசி டப்பாவுக்குள் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

ஆனால் அவள் யாரிடமும் சொல்லாதது வேறொன்று.

காயப்போட்ட பிறகும் அவள் உடனே வெளியே வருவதில்லை. ஈரத் துணிகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அரை மணி நேரம். யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் புறா மிரளும்.

சாவி எங்கே, சட்னிக்கு உப்புப் போதவில்லை, காஸ்காரர் வந்திருக்கிறார். எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கமே தாமாகத் தீர்ந்தன.

இந்தப் பக்கம் காற்றும் சோப்பு வாசனையும். எதையும் நினைக்காமல் இருக்க முடிகிறது என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. நெஞ்சுக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி.

குஞ்சுகள் பொரிந்தன. மஞ்சள் மயிரும் பெரிய மூக்குமாக, பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு அழகாயின. நாற்பத்தாறாம் நாள் இரண்டும் எதிர் மாடிக்குப் பறந்துவிட்டன.

குணசீலன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மெஷினைத் தேய்த்துக் கழுவினார். பால்கனிகளுக்குப் புறா வலை அடிக்கும் ஆரோக்கியம் அளவெடுக்க டேப்போடு வந்தார். இனிதா ஆறு ஜீன்ஸை அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். வீடே திருவிழாவாக இருந்தது.

அவள் ஸ்டூலைத் தூக்கி உள்ளே வைத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

அப்போதுதான் புறா வந்தது. அலகில் ஒரு குச்சி.

மூடியின் மேல் வைத்தது. ஆரோக்கியத்தைப் பார்த்து உறுமியது. அவர் டேப்பைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் தாவினார். புறா அடுத்த குச்சிக்குப் பறந்தது.

"மறுக்கா கூடு கட்டுதுங்க்கா," என்றார் ஆரோக்கியம், மூச்சு வாங்க. "இப்ப ஒத்தக் குச்சிதான். எடுத்துப்போட்டா பாவமில்லீங்க. முட்டை வெச்சுட்டா மறுபடி ஒன்றரை மாசமுங்க."

"நீயே எடுத்துரு," என்றார் குணசீலன் அவளிடம். அவர் கை நிறைய அழுக்குத் துணி. "நீன்னா அது ஒண்ணும் பண்ணாது."

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் போனாள். முறம் எடுக்கவில்லை.

முருங்கைக் குச்சி. பச்சை இன்னும் போகவில்லை. வழவழத்த மூடியின் ஓரத்தில், ஊதினால் விழுந்துவிடும்போல் நின்றது.

ஒற்றை விரலால் அதை நடுவுக்குத் தள்ளினாள்.

வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"எடுத்துட்டியா?"

"வெயில் இருக்கறப்பவே துவைச்சுக் குடுங்க," என்றாள். "நான் காயப்போட்டுர்றேன்."