கண்ணில்லாப் பிராணிக்கு ஒரு திறப்பு விழா

வெளிச்சமே எட்டாத குகைத் தண்ணீரில் வாழ்கிற, பல்லி போன்ற உருவமுள்ள, கண் தெரியாத சாலமாண்டர் ஒன்று கல்லூரிக்கு வந்திருந்தது. அதன் கண்ணாடித் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் எஸ்தாக்கு காலையிலிருந்து கெஞ்சினார். “சார், இதுக்கு லைட்டு ஆகாது. செத்துரும்.”

“யோவ், பதினோரு பக்கம் பேச்சு எழுதியிருக்கேன். இருட்டுல எப்படிய்யா வாசிக்கிறது?” என்ற கல்லூரி முதல்வர் மூன்றாவது விளக்கையும் போடச் சொன்னார்.

வெளிறிய அந்த உடம்பு ஒளிய இடம் தேடிக் கண்ணாடியில் முட்டி முட்டித் திரும்பியது.

“பாருங்க, நம்மள வரவேற்குது!” என்று முதல்வர் மைக்கில் பூரித்தார். கைதட்டல் அடங்குமுன், அரிய உயிரைக் காக்கும் சேவைக்காக எஸ்தாக்குக்குப் பொன்னாடை போர்த்தினார்.

எஸ்தாக்கு அதை உருவி, உதறி, அதைக் கொண்டே தொட்டியை மூடினார்.

“யோவ், போட்டோ இன்னும் எடுக்கலைய்யா!” முதல்வர் பொன்னாடையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். மறுமுனையை எஸ்தாக்கு விடவில்லை.