கோடு சும்மா வளையாது

"உதென்ன றமேஸ், முன்னாலை போற வான் சுன்னாகப் பக்கம் திரும்புது?"

மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த கோகுலன் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். உடுவிலில் இருந்து கோப்பாய்க் கல்யாண மண்டபத்துக்கு மருதனார்மடம், உரும்பிராய் என்று நேராகப் போகலாம். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேரக்கூடிய பாதை. ஆனால் வானை ஓட்டுபவர் கனடாவில் இருந்து வந்த சோமசேகரம் மாமா. போன் சொல்லாமல் அவர் வீட்டு வாசல் படலையைக்கூடத் தாண்டமாட்டார். கூறைச் சேலையும் தாலியும் அந்த வானில்தான் இருந்தன.

"போன் மப்பிலை பாதை அப்பிடித்தான் கிடக்கு. நீயே பார்," என்றான் காரை ஓட்டிய நண்பன் றமேஸ்.

கோகுலன் போனை எடுத்தான். இந்தப் பயணப் பாதையைப் போட்டுக் கொடுத்தவள் அவன் அக்கா உதயகலா. உரும்பிராயில் கட்டிலில் படுத்தபடியே, சுற்றுலா வான்களுக்குத் தன் போனில் பாதை போட்டுக் கொடுப்பதுதான் அவளுக்கு வேலை. இருதய நோய்க்காரி. கல்யாணத்துக்கு வெளிக்கிடவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மணவறையில் இருக்கமாட்டேன் என்று கோகுலன் பிடிவாதம் பிடித்தான். தாயில்லாத வீட்டில் அவனுக்குச் சோறு தீத்தி வளர்த்தவள் அவள்தான். கடைசியில், படலையடியில் நிறைகுடம் வைத்து ஆசீர்வதித்து அனுப்புகிறேன் என்று சொல்லி, தன் வீட்டையும் வழியில் நிற்கும் ஒரு தரிப்பாகப் பாதையில் சேர்த்திருந்தாள்.

இப்போது அந்தத் தரிப்பைக் காணவில்லை. நீலக்கோடு சுன்னாகத்துக்கு ஏறி, புத்தூர்வரை போய், நீர்வேலியால் இறங்கிக் கோப்பாய்க்கு வந்தது. உரும்பிராய்க்குக் கிட்டவும் அது அண்டவில்லை.

அக்கா சொல்லிக் கொடுத்தது அவனுக்கு நினைவு வந்தது. "கோடு சும்மா வளையாதடா. எங்கையோ ஒரு புள்ளி தவறி விழுந்திருக்கும். பெருப்பிச்சுப் பார்த்து அதைத் தூக்கிவிடு. கோடு தன்ரைபாட்டிலை நிமிரும்."

பெருப்பித்துப் பார்த்தான். சுன்னாகம் சந்தையடியில் ஒரு புள்ளி இருந்தது. அழித்தான். கோடு நிமிர்ந்து உரும்பிராய்க்கு வந்தது. அப்பாடா என்று அவன் சாய்வதற்குள் புத்தூரில் இன்னொரு புள்ளி முளைத்தது. அதைப் பிடித்து உரும்பிராய்க்கு இழுத்தான். விரலை எடுத்ததும், மறுபக்கத்தில் யாரோ பிடித்து இழுப்பதுபோல அது மெல்ல மெல்லப் புத்தூருக்கே போய்ச் சேர்ந்தது.

கீழே ஒரு வரி தெரிந்தது: 'உதயகலா பாதையை மாற்றியுள்ளார்.'

அந்தப் பாதையில் கை வைக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். அவனும் அக்காவும்.

அவளுக்கு அழைத்துப் பார்த்தான். போன் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்றது குரல். நிறுத்தி வைத்த போனில் இருந்து பாதையை எப்படி மாற்றுகிறாள் என்று றமேஸிடம் கேட்டான். றமேஸுக்கும் விளங்கவில்லை. தாலி போகிற வானை விட்டுவிடாமல் அவன் பின்னாலேயே காரை ஓட்டினான்.

வெளியே வெங்காயத் தோட்டங்களில் நல்ல வெயில். காருக்குள் கோகுலனுக்கு மயிர் கூச்செறிந்தது. மறுபடியும் கோட்டை இழுத்தான். இந்தமுறை கோடு மட்டும் அல்ல, அக்கா வீட்டுக்குப் போகும் ஒழுங்கையே வரைபடத்தில் இருந்து அழிந்து போயிற்று.

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேண்டுமானால் காரை அக்கா வீட்டுக்குத் திருப்பட்டோ என்று றமேஸ் கேட்டான். கோகுலன் போனில் உதயகலா என்ற பெயரையே பார்த்துக்கொண்டிருந்தான். 

"வேண்டாம். அக்கா என்னை வரவேண்டாம் எண்டுறா. என்ன கோவமோ தெரியாது. தாலியைக் கட்டிப்போட்டு நேரை அவவிட்டைப் போய்க் கேக்கிறன்."

மண்டபத்தில் மணமகள் மதுராவின் கழுத்தில் தாலி ஏறியது. அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்கிறவர்கள் வரிசையில் அக்காவின் கணவர் சிவதர்ஷனை அவன் கண்கள் தேடின. அவர் வாழைமரம் கட்டிய வாசலுக்கு வெளியே, றோட்டோரமாக, சவரம் செய்யாத முகத்துடன் தனியே நின்றார். கோகுலன் மணவறையை விட்டு இறங்கி ஓடினான்.

"என்ன அத்தான் வெளியிலை நிக்கிறியள்? உள்ளை வாங்கோ."

அவர் ஒரு அடி பின்னால் போனார். "தாலி ஏறிட்டுதோ?"

"ஓம்."

"இனிச் சொல்லலாம். நான் உள்ளை வரக்கூடாதடா. அக்கா விடியவே மோசம் போயிட்டா. தெரிஞ்சால் கலியாணம் நிண்டிடும் எண்டு ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. செத்தவீட்டுப் படலையிலை நீ மாப்பிள்ளையா வந்து இறங்கினால் என்ன செய்யிறது எண்டு ஒழுங்கை முகப்பிலை நிண்டு பதறிக்கொண்டிருந்தனான். கடவுள் காப்பாத்தினது, நீ வரேல்லை."

 கோகுலன் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டான். விம்மலுக்கு நடுவிலும் அவனுக்கு எல்லாம் விளங்கியது போல இருந்தது.

"அப்ப நீங்கள்தான் அக்காவின்ரை போனிலை பாதையை மாத்தி மாத்தி விட்டனீங்கள், என்ன?"

அவர் அவனைப் புரியாமல் பார்த்தார்.

"எந்தப் போன்? அது நேற்றுப் பின்னேரமே தண்ணித் தொட்டிக்குள்ளை விழுந்து, கழட்டினபடி அரிசிக்குள்ளை எல்லோ கிடக்குது."

கோகுலன் தன் போனை எடுத்தான். படத்தில் ஒரு புள்ளியும் இல்லை. கோப்பாயில் இருந்து அக்காவின் படலைவரை கோடு நேராகக் கிடந்தது.